வாப்பா, தீ தொடங்கிய இடத்தைக் காட்டிவிட்டேன்

என் பிரியமான வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கபுரில் இருப்பவர்களுக்கும் ஸலாம் சொல்ல வேண்டும் என்று பழக்கியவர் நீங்கள். மையவாடிச் சுவரோரம் நாவுல ஊருக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். இன்றைக்கு எழுத்தில் சொல்கிறேன், ஏனென்றால் விஷயம் பெரியது, பஸ்ஸில் சொல்லி முடியாது.

கச்சான், அந்தக் காய்ந்த மேற்குக் காற்று, தொடங்கிவிட்டது. மூன்று வாரமாக வாழை இலைகள் நாராகக் கிழிகின்றன. மலையில் மானாப் புல் பழுக்கத் தொடங்கிவிட்டது. நான் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வாசலுக்குப் போய் மலையைப் பார்க்கிறேன். மேக நிழல் விழுந்தாலும் புகை என்று நெஞ்சு பதறுகிறது. நீங்கள் இருந்தால், "காத்தடிச்சாலும் பயம், அடிக்காட்டியும் பயம், எங்கட மகள் எப்படித்தான் குடும்பம் நடத்துறாளோ" என்று சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். இந்தப் பயத்துக்கு இந்த வருடம் காரணம் இருக்கிறது.

உம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. தொழுகைக்குக் கதிரையில்தான் உட்காருகிறா. உங்கள் மாடுகளை அண்ணன், நாநாதான், யட்டவத்தப் பக்கம் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். பட்டியில் இப்போது என் நாற்றுப் பைகள் அடுக்கியிருக்கின்றன. ஊற்று வற்றவில்லை, வாப்பா. தீக்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் இந்த மாதத்தில் காய்ந்துவிடும் ஊற்று, இந்த வருடம் என் கைவிரல் தடிமனுக்காவது வந்துகொண்டிருக்கிறது. சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் இழப்பதற்கு ஒன்றும் இல்லாதபோது இருந்த நிம்மதி இப்போது போய்விட்டது.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இது மூடி ஒட்டிய கடிதம் இல்லை. எட்டு வருடத்துக்கு முன் ஒரு கச்சான் காலத்தில் எங்கள் ஊருக்கு மேலே உள்ள மலை எரிந்தது. புல்வெளியில் பிடித்த தீ காட்டுக்குள் ஏறி, ஊற்றைச் சுற்றியிருந்த மரங்களையும் தின்றுவிட்டது. அடுத்து வந்த மழைக்கு மலையின் மண் வயலில் வந்து படிந்தது. ஊருக்கு ஆறும் இல்லை, கிணறும் இல்லை என்று ஆனது. நான்கு வருடத்துக்கு முன் எங்கள் தண்ணீர்ச் சங்கமும், மலைக்கு அப்பால் லக்கலப் பக்கம் இருக்கும் ஆதிவாசிக் குடும்பங்களும், வன அதிகாரிகளும் சேர்ந்து மலையைத் திரும்ப வளர்க்கத் தொடங்கினோம். பாலர் பாடசாலைப் பிள்ளைகளை மட்டும் மேய்த்துக்கொண்டிருந்த நான் நாற்றுமேடைக்கும் பொறுப்பானேன்.

ஆதிவாசிக் குடும்பங்களில் மூத்தவர் சுதுபண்டா. உங்களுக்குத் தெரியும். அவர் முதல் நாள் வந்து செய்த வேலை, நாங்கள் ஆசையாகத் தோண்டி வைத்திருந்த குழிகளில் பாதியை மூடச் சொன்னதுதான். முதலில் மண் ஓடாமல் கல்லும் கட்டையும் குறுக்கே போட வேண்டும், புல்வெளியில் கொம்புகள் நட்டுப் பறவை உட்கார இடம் செய்ய வேண்டும், பறவை போடுகிற விதையை விட நாம் போடுகிற விதை பெரிதில்லை என்றார். தீயைத் தாங்குகிற கடுக்காயும் தான்றியும் நெல்லியும் வெளியே, ஈரம் தாங்குகிற மரங்கள் உள்ளே என்று அவர் சொன்னபடிதான் எல்லாம் நடந்தது. எங்கள் குழிகளில் வைத்தது பாதி செத்தது. அவர் இடத்தில் வைத்தது பிடித்தது.

காட்டுக்குள் போகும்முன் அவர் ஒரு கொப்பை ஒடித்து வாசல் மரத்தில் தொங்கவிடுவார். அது அவர்கள் தெய்வத்திடம் அனுமதி கேட்பது. நான் பக்கத்தில் நின்று பிஸ்மி சொல்வேன். இரண்டு பேரும் முடித்துவிட்டோமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டுதான் கால் எடுத்து வைப்போம். நான் அவரை அய்யா என்பேன், அவர்கள் மொழியில் அண்ணன். அவர் என்னை நங்கி என்பார், தங்கச்சி.

அவர் நம் வீட்டுக்குத் தேநீருக்கு வரும்போதெல்லாம் நீங்கள் பின்பக்கம் பட்டிக்குப் போய்விடுவீர்கள். "வாப்பாவுக்கு மாடுதான் முதல், மனிசர் பிறகு" என்று உம்மா அவரிடம் சமாளிப்பா. ஆனால் அவர் போன பிறகு வந்து, "இன்றைக்கு எத்தனை கன்று பிடிச்சிருக்கு?" என்று கேட்பீர்கள். தினமும் கேட்பீர்கள். நான் சொல்லும் பதிலைக் கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போவீர்கள்.

இனி இந்த மாதத்துக்கு வருகிறேன். இவ்வளவு வளர்ந்த பிறகு தீ வந்தால் எல்லாம் போச்சு. அதனால் புல்லை வெட்டி, மண் தெரியச் சீவி, தீ தாண்ட முடியாத அகலத்துக்கு ஒரு வரம்பு போட வேண்டும். ஆட்கள் குறைவு. கச்சான் முற்றுவதற்குள் ஒரு வரம்புதான் முடியும், இரண்டு முடியாது. எங்கே போடுவது? போன தீ எங்கிருந்து வந்ததோ அங்கே என்றார்கள். பொலிஸ் எழுத்தில் இருப்பது தேன்பாறை. மலையின் கிழக்குப் பக்கம், ஆதிவாசிகள் தேன் எடுக்கிற பாறை. அங்கே சுதுபண்டாவின் தம்பி கிரிபண்டா தேனீக்குப் புகை போட்ட பந்தத்திலிருந்து பிடித்த தீ என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்றால், உங்கள் வாயால் கேட்டவர்களுக்குத் தெரியும்.

பாறைக்குக் கீழே வெட்டத் தொடங்கினோம். இரண்டாம் நாள் சுதுபண்டா கத்தியை வைத்துவிட்டு ஒரு பழைய கடுக்காய் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு இன்னொரு மரம். அவர் பேசியது சிங்களத்தில், நான் எனக்கு வரும் தமிழில் தருகிறேன்.

"நங்கி, தீ மேல ஏறி வந்தா, மரத்துக்குப் பின்னால சுத்திக்கிட்டுத்தான் பட்டையைக் கடிக்கும். கரி எல்லாம் மேல்பக்கம் இருக்கு பாருங்க. இது பாறையிலிருந்து இறங்கின தீ இல்ல. கீழ மேற்கால இருந்து ஏறின தீ."

"அப்ப வரம்பை மாத்துவோமா அய்யா?" என்றேன்.

"எப்படி மாத்துறது? தம்பியே பாறையிலதான்னு சொல்றானே." அவர் மரத்தடியில் உட்கார்ந்தார். "முதல்ல அவன் இல்லன்னுதான் சொன்னான். பந்தத்தை மண்ணுல தேய்ச்சு அணைச்சேன்னு சொன்னான். ஒரு வாரம் பொலிஸ்ல உள்ள இருந்து திரும்பி வந்து, 'ஒருவேளை சரியா அணைக்கல்லையோ'ன்னு கேட்டான். இப்ப ஒருவேளையும் கிடையாது. 'நான்தான் மலையை எரிச்சேன்' என்கிறான். தேனுக்குப் போறதை விட்டுட்டான். இந்தப் பக்கம் காலே வைக்கிறதில்ல. வீட்டு அடுப்பைக் கூட அவன் பத்த வைக்கிறதில்ல, பொண்சாதிதான்."

வாப்பா, இதைக் கேட்டபோது நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் குடித்தேன். மழை வருமோ என்று ஏதோ கேட்டேன். கச்சானில் என்ன மழை? அவ்வளவுதான் உங்கள் மகளின் வீரம்.

அந்த நாளை நாம் இரண்டு பேரும் பிறகு ஒரு தடவையாவது பேசியிருக்கிறோமா? அந்த வருடம் ஹஜ் பெருநாள் கச்சானுக்குள் வந்தது. குர்பான் பலிக்கு விற்க ஐந்து எருதுகளை வளர்த்தீர்கள். புல் காய்ந்து மாடு மெலிகிறது என்று உங்களுக்குக் கவலை. மானாப் புல்லைக் கொளுத்திவிட்டால் சில நாளில் பச்சைக் குருத்து வரும் என்று மாடு வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் செய்வதுதான். நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன் போனீர்கள். பின்னேரம் அஸருக்கு வந்தபோது சாரனின் ஓரம் கருகி, புருவத்தில் பாதி இல்லை. கிணற்றடியில் நான்தான் நின்றேன்.

"மகள், உம்மாக்கிட்ட சொல்லாத. மாட்டுப் பள்ளத்துல தட்டைக் கல்லடியில வச்ச தீ கைய விட்டுப் போயிட்டு." அவ்வளவுதான் சொன்னீர்கள். நான் சாரனை வாங்கித் துவைத்தேன். ஓரத்தை வெட்டி மடித்துத் தைத்துக் கொடுத்தேன். பின்னால் அந்தியில் மலை முழுக்கச் சிவந்தது. ஊரார் கொப்புகளை ஒடித்துக்கொண்டு ஏறினபோது முதல் ஆளாக ஏறியவர் நீங்கள். கை இரண்டும் கொப்பளித்து இறங்கினீர்கள். அதுவும் உண்மை, அதையும் நான் எழுதத்தான் வேண்டும்.

மறுநாள் பொலிஸார் விசாரிக்க வந்தார்கள். "தேனுக்கு வந்தவங்க பாறையில புகை போட்டத கண்டேன், காத்து சுழண்டு அடிச்சிச்சு" என்று நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. மாட்டுக்காரருக்குத் தெரியாத காற்றா என்று எல்லோரும் நம்பினார்கள். ஒருவரைப் பிடித்துக் கொண்டு போவார்கள் என்று நீங்கள் நினைக்கவில்லைதானே? பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னீர்கள்தானே? இந்த இரண்டு கேள்விக்கும் நானே உங்களுக்காகப் பதில் சொல்லிச் சொல்லி எட்டு வருடம் ஓட்டிவிட்டேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதை இப்போதுதான் எழுத முடிகிறது.

உங்கள் ஜனாஸா அன்று, அடக்கத்துக்கு முன், பள்ளிவாசலில் நாநா எழுந்து நின்று, வழமை போல எல்லோரிடமும் கேட்டாராம். "எங்கட வாப்பா தெரிஞ்சோ தெரியாமலோ உங்கள்ல யாருக்காவது ஒரு அநியாயம் செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சிடுங்க." பள்ளி நிறைய ஆட்கள் மன்னித்தோம் என்றார்களாம். வீட்டுக்கு வந்து நாநா அழுதுகொண்டே சொன்னார். நான் உள்ளே உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மன்னிக்க வேண்டிய ஒரே ஆள் அந்தப் பள்ளியில் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் மலைக்கு அப்பால் இருந்தார். நம் வழமையில் இப்படி ஒரு ஓட்டை இருப்பதை நான் அதுவரை யோசித்ததில்லை. மன்னிப்பைக் கேட்பது வந்தவர்களிடம், அநியாயம் நடந்ததோ வராதவருக்கு.

கடைசி வாரம் நீங்கள் நாநாவிடம், "லக்கலைக்கு ஒரு வேன் பிடிக்க ஏலுமா?" என்று கேட்டீர்கள். காய்ச்சலில் பேசுகிறீர்கள் என்று நாநா போர்வையை இழுத்துவிட்டார். காய்ச்சல்தானா, வாப்பா? எனக்கு விளங்கியும் நான் விளங்காத மாதிரி இருந்தேனா?

சுதுபண்டா தம்பியைப் பற்றிச் சொன்ன பிறகு மூன்று நாள் வீட்டில் சண்டை. நான் சொல்லப் போகிறேன் என்றதும் நாநா உக்குவளையிலிருந்து கடையைப் பூட்டிவிட்டு வந்தார்.

"மவுத்தான மனிசர்ட குறைய மறைக்கணும்னு ஓதித் தந்தது உனக்கு மறந்து போச்சா? ரெண்டு வருசமா மண்ணுக்குள்ள இருக்கிறவர ஊரெல்லாம் இழுக்கப் போறியா?"

"உசிரோட இருக்கிற ஒரு மனிசன் அடுப்புப் பத்த வைக்கப் பயந்துட்டு இருக்கிறாரு, நாநா."

"அது அவர்ட விதி."

"அது நாங்க குடுத்தது. ஒரு அடியார்ட ஹக்க, அவருக்குச் செஞ்ச அநியாயத்த, அந்த அடியார் மன்னிக்காம அல்லாஹ்வும் மன்னிக்க மாட்டான்னும் ஓதித் தந்தாங்கதானே. நீங்க அரைவாசிய மட்டும் பாடமாக்கி வச்சிருக்கிறீங்க."

நாநா கையை ஓங்கவில்லை, ஆனால் ஓங்குவார் என்று நான் கண்ணை மூடினேன். கண்ணைத் திறந்தபோது உம்மா கதிரையில் இருந்து பேசினா. அவவுக்குத் தெரியாது என்றுதானே நீங்களும் நானும் நினைத்தோம்?

"அந்த வருசம் உங்கட வாப்பா குர்பான் இறைச்சி ஒரு துண்டும் தின்னல்ல. வயிறு சரியில்லண்டு சொன்னாரு. நான் ஏன்னு கேக்கல்ல. கேட்டிருக்கணும்." அவ்வளவு சொல்லிவிட்டு உம்மா தஸ்பீஹ் மணியை எடுத்துக்கொண்டா. நாநா செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். இதுவரை போன் எடுக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் சுதுபண்டாவை மேற்குப் பக்கம் மாட்டுப் பள்ளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தட்டைக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றேன். பாடம் ஒப்புவிக்கிற பிள்ளை மாதிரிச் சொல்லிவிட்டேன். தீ இங்கேதான் தொடங்கியது, என் வாப்பா மாட்டுக்காகப் புல் கொளுத்தினார், பழியை உங்கள் தம்பி மேல் போட்டார், எனக்கு அன்றைக்கே தெரியும் என்று. கடைசி வார்த்தைதான் கஷ்டமாக இருந்தது.

அவர் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பினார். "சரியா எந்த இடம்?" என்று மட்டும் கேட்டார். காட்டினேன். அவர் அங்கே நின்று மலையை மேலே பார்த்தார், காற்றைப் பார்த்தார், கால் அடி வைத்து அளந்தார். "வரம்பு இங்கயிருந்து போகணும்" என்றார். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு, தேநீர் குடிக்காமல், பஸ்ஸுக்கும் நிற்காமல் மலைப் பாதையில் நடந்தே போய்விட்டார்.

இரண்டு நாள் வரவில்லை. நானும் நாற்றுமேடைப் பெண்களும் மட்டும் வெட்டினோம். நான் ஒரு வாயைத் திறந்து நான்கு வருட வேலையைக் கெடுத்துவிட்டேனோ? அவர்கள் இனி வராவிட்டால் யாருக்கு அந்த மலையைத் தெரியும்? மூன்றாம் நாள் காலை மலைப் பாதையில் ஐந்து பேர் இறங்கி வந்தார்கள். முன்னால் சுதுபண்டா. என் முகத்தைப் பார்க்கவில்லை. கொப்பை ஒடித்துத் தொங்கவிட்டார், நான் முடிக்கும்வரை நிற்கவில்லை, நேரே போய் வெட்டத் தொடங்கினார். ஏதாவது கேட்க வேண்டி வந்தால், "மிஸ், அந்தக் கயிறு" என்றார். மிஸ். நங்கி போய்விட்டாள், வாப்பா. இந்த வயதில் அந்த ஒரு வார்த்தைக்காக மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இன்று லுஹருக்கு முன் வரம்பு முடிந்தது. மாட்டுப் பள்ளத்திலிருந்து ஓடை வரைக்கும் சிவப்பு மண் தெரிகிறது. எல்லோரும் கத்திகளைக் கழுவும்போது அவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் தம்பிக்கிட்ட ஒண்ணும் சொல்லல்ல. நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைப்பான். கண்ட ஆள் சொல்லணும். நாளைக்கு வந்து நீங்க சொல்லுங்க."

"வர்றேன் அய்யா" என்றேன்.

"அவன் என்ன சொல்வான்னு எனக்குத் தெரியாது. அதுக்கு நான் பொறுப்பில்ல."

நாளைக் காலை முதல் பஸ். லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்தவள், அஸருக்கு பாங்கு சொல்லப் போகிறார்கள், இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். உம்மா தானும் வருவேன் என்கிறா. அந்த முழங்காலோடு எப்படி என்றால், "நான் அவர்ட பொண்சாதி" என்று ஒரே பதில். கிரிபண்டா என்னைத் திட்டினால் தாங்கிக்கொள்வேன். அழுதால் என்ன செய்வேன்? எழுந்து உள்ளே போய்விட்டால்? எட்டு வருடம் ஏன் வரவில்லை என்று கேட்டால்? பயந்தேன் என்றுதான் சொல்ல முடியும்.

இந்தக் கடிதத்தை அச்சில் போடக் கொடுக்கிறேன். ஊர் முழுக்கச் சொன்ன கதையை அவர் காதில் மட்டும் திருத்தினால் போதாது. நாநா என்னை மன்னிக்க நாள் எடுக்கும். நீங்கள்? உங்களை ஊரார் முன்னால் நிறுத்துகிறேன் என்று கபுருக்குள் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்களா? இல்லை, ஒரு பாரத்தை இறக்கி வைத்த மாதிரி மூச்சு விடுவீர்களா? எனக்குத் தெரியவில்லை. உங்களுக்காகக் கேட்கும் துஆவை நான் நிறுத்தவில்லை, நிறுத்தவும் மாட்டேன்.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். நாளைக்கு அந்த மனிதர் முன்னால் உட்கார்ந்து, யாரோ ஒருவர் என்று சொல்ல மாட்டேன், மாடு மேய்க்கிறவர்கள் என்று பொதுவாகவும் சொல்ல மாட்டேன். என் வாப்பா என்று சொல்வேன். உங்கள் பெயரைச் சொல்வேன், பிறகு என் பெயரையும் சொல்வேன். பள்ளியில் நாநா கேட்டதை அவரிடம் கேட்பேன். மன்னிப்புத் தரவில்லை என்றால் திரும்பவும் போவேன், தரும் வரைக்கும் போவேன். தந்தாலும் தராவிட்டாலும், நாளையிலிருந்து அந்தத் தீ அவருடையது இல்லை, வாப்பா. நம்முடையது.

உங்கள் மகள்,
பரீதா